தேய்ந்த மூட்டும் தேயாத நேர்மையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

உராய்வு என்பது இயற்பியல் மாணவனுக்கு ஒரு பாடம். சாய்தளத்தில் மரக்கட்டையை வைத்து, எடைகளைக் கூட்டி, உராய்வுக் கெழுவைக் கணக்கிட்டு, ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். அதே உராய்வை ஆராய்ந்து, நடக்க முடியாமல் கிடந்தவர்களை நடக்கவைத்த ஒரு மருத்துவரைப் பற்றிப் படித்தபோது பெரிதும் வியந்தேன். அவர்தாம் இங்கிலாந்து நாட்டு எலும்பு மருத்துவ அறிஞர் சர் ஜான் சார்ன்லி. அவர் பெற்ற வெற்றியை விட, இடையில் அடைந்த தோல்வியும் அத்தோல்வியை அவர் எதிர்கொண்ட முறையுமே என் மனத்தில் ஆழப் பதிந்தன. அவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தீராத நோவு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலைப்பகுதி பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டின் மீதும் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. முதுமையாலோ முடக்குவாதத்தாலோ இக்குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்போடு எலும்பு உரசத் தொடங்கும். முதலில் நடக்கும்போது வலிக்கும்; பிறகு நிற்கும்போது வலிக்கும்; கடைசியில் படுத்திருந்தாலும் வலி உறங்கவிடாது.

இந்நோவுக்கு முதலில் செய்வன எளியவை. ஓய்வு, வலி மாத்திரை, உடல் எடையைக் குறைத்தல், ஊன்றுகோல், தகுந்த உடற்பயிற்சி ஆகியவற்றால் பலருக்கு நோவு தணியும். தணியாதவர் கதி என்ன? 1950-களில் அவர்களுக்கு இருந்த வழிகள் சிலவே. மூட்டை அசையாதபடி ஒன்றாக ஒட்டவைப்பது ஒன்று. அதனால் வலி போகும். ஆனால் கால் மடங்காது. எலும்பை வெட்டிக் கோணம் மாற்றுவது மற்றொன்று. அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சன் என்பவர் பந்தின் மீது உலோகக் கிண்ணம் கவிழ்த்தார். பாரிசில் ஜூடெட் சகோதரர்கள் தேய்ந்த பந்தை நீக்கிவிட்டு அக்ரிலிக் பந்து பொருத்தினர். இவை சிலருக்குப் பலன் தந்தன, பலருக்கு நீடிக்கவில்லை.

இளமையும் போர்க்காலமும்

சார்ன்லி 1911 ஆகஸ்டு 29-ஆம் நாள் இலங்காஷயர் மாவட்டத்தில் பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் செவிலியர் பயிற்சி பெற்றவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, தம் 25-ஆம் வயதிற்குள், அறுவை மருத்துவத்தில் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியும் பெற்றுவிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். எகிப்தில் பணியாற்றியபோது, காயமுற்ற வீரர்களுக்கான கட்டைகளும் கருவிகளும் செய்யும் பட்டறை அவர் பொறுப்பில் இருந்தது. கத்தி பிடித்த கை உளியும் அரமும் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். பிற்காலத்தில் தம் வீட்டிலேயே லேத் வைத்து, செயற்கை மூட்டுக்கான கிண்ணங்களைத் தாமே கடைந்தார் என்றால், அப்பட்டறைப் பழக்கமே அதற்கு வித்து எனலாம்.

அவர் பொறுமைசாலி அல்லர், முன்கோபி. ஆனால் உண்மையை அறியும் ஆர்வத்தில் தம் உடலையும் பொருட்படுத்தாதவர். எலும்பு ஒட்டு எவ்வாறு பற்றுகிறது என்று அறிய, இளம் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தம் காலிலேயே அறுவை செய்துகொண்டார். அந்தப் புண்ணில் சீழ் பிடித்து, மீண்டும் அறுவைக்கு உள்ளாகித் துன்புற்றார்.

கிரீச்சென்ற ஒலி

அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட நோயாளி ஒருவரின் இடுப்பு, அவர் அசையும்போதெல்லாம் எண்ணெய் காணாத கதவுக் கீல் போலக் கிரீச்சிட்டது. மற்றவர்கள் சிரித்து மறந்திருக்கக்கூடிய செய்தி அது. சார்ன்லியோ அவ்வொலியில் ஓர் இயற்பியல் உண்மையைக் கேட்டார். ஒலி வருகிறது என்றால் அங்கே உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால், ஒவ்வோர் அடியிலும் பொருத்தப்பட்ட பகுதியை அது திருகித் தளர்த்தும்.

அவர் பொறியியலாரோடு சேர்ந்து இயற்கை மூட்டின் உராய்வை அளந்தார். பனிக்கட்டி மீது சறுக்கும் சறுக்குக் கட்டையின் உராய்வை விடவும் அது குறைவு என்று கண்டார். நோயுற்ற மூட்டில் அந்த வழவழப்பை மீண்டும் உண்டாக்க முடியாது. எனவே தாமாகவே வழுக்கும் தன்மையுள்ள பொருள் ஒன்று வேண்டும். அப்போது அறியப்பட்ட பொருள்களில் டெஃப்ளான் அத்தகையது.

அவர் செய்த அமைப்பில் மூன்று சிறப்புகள் உண்டு. ஒன்று, எஃகுப் பந்து டெஃப்ளான் கிண்ணத்தில் அசைந்தது. இரண்டு, பந்தைச் சிறியதாக்கினார். இயற்கைப் பந்தின் விட்டம் ஏறக்குறைய 45 முதல் 50 மி.மீ. வரை இருக்கும்; அவர் இறுதியில் கொண்ட அளவு 22.225 மி.மீ., அதாவது 7/8 அங்குலம். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் அது எளிதில் திரும்புவதில்லை அன்றோ? அதுபோலவே, உராய்வு விசை மையத்துக்கு அருகில் செயல்பட்டால் கிண்ணத்தைத் திருகும் ஆற்றல் குறைகிறது. விசையின் திருப்புத்திறன் என்று நாம் படிப்பது இதுதான். மூன்று, பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் சிமெண்டைக் கொண்டு அப்பகுதிகளை எலும்பில் பதித்தார். அது பசைபோல ஒட்டுவதில்லை. செங்கல் இடுக்குகளில் சாந்து பாய்வது போல எலும்பின் நுண்துளைகளில் பாய்ந்து இறுகி, உடல் எடையைப் பரவலாகத் தாங்குகிறது.

விகன் நகருக்கு அருகில் ரைட்டிங்டன் என்னுமிடத்தில், முன்பு காசநோயாளிகளுக்காக இருந்த மருத்துவமனையைத் தம் பணிக்களமாகக் கொண்டார். 1961-இல் அங்கே இடுப்பு அறுவை மையம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் முடங்கியிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

இடி விழுந்தது

ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தவர்கள் நொண்டியவர்களாய்த் திரும்பி வரத் தொடங்கினர். டெஃப்ளான் கிண்ணம் தேய்ந்து, பந்து அதற்குள் துளைத்துக்கொண்டு போயிருந்தது. தேய்ந்துதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையில் கட்டிகளை உண்டாக்கி, எலும்பையும் அரித்தன. அப்படி வைக்கப்பட்ட மூட்டுகள் ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ 300.

அவர் மனமுடைந்தார். ஆனால் மறைக்கவில்லை. நோயாளிகளை ஒவ்வொருவராக வரவழைத்துத் தேய்ந்த கிண்ணங்களை அகற்றும் வேலையில் இறங்கினார். அந்தத் துகள்கள் உடலை என்ன செய்கின்றன என்று உறுதியாக அறிய, டெஃப்ளானைத் தம் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டார். கூடவே பாலிஎத்திலீன் என்ற வேறொரு பொருளையும் செலுத்திக்கொண்டார். ஒன்பது மாதங்களுக்குப் பின் டெஃப்ளான் இருந்த இடங்களில் கைக்குத் தட்டுப்படும் முடிச்சுகள் தோன்றியிருந்தன; பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் ஒன்றும் தென்படவில்லை. இதனை 1963-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டு, டெஃப்ளானைப் பயன்படுத்த வேண்டாமென மற்ற மருத்துவர்களை எச்சரித்தார். தம் தோல்வியைத் தாமே உலகறியச் செய்த இச்செயலை நான் அவருடைய கண்டுபிடிப்புக்கு இணையாக மதிக்கிறேன்.

நெசவாலை தந்த பொருள்

பாலிஎத்திலீன் அவரிடம் வந்த கதையும் சுவையானது. 1962-இல் விற்பனையாளர் ஒருவர், இலங்காஷயர் நெசவாலைகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பிளாஸ்டிக்கை ரைட்டிங்டனுக்குக் கொண்டு வந்தார். அதுவே உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். சார்ன்லி அதைப் பார்த்த அளவிலேயே பயனற்றது என்று ஒதுக்கிவிட்டார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் மட்டும், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில், அதைத் தேய்மானப் பொறியில் பூட்டி ஓட்டினார். டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை! திரும்பி வந்த சார்ன்லி அதைக் கண்ணால் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தலைமை மருத்துவர் ஒதுக்கிய பொருளைத் தொழில்நுட்பர் ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் சோதனைக்குத் தலைமை மருத்துவர் தலைவணங்கினார். இருவருமே நம் போற்றுதலுக்கு உரியவர்கள்.

காத்திருந்த காலம்

வெற்றி கிடைத்ததும் அவர் விளம்பரம் தேடி ஓடவில்லை. சூடுகண்ட பூனையாய்ப் பல ஆண்டுகள் தம் நோயாளிகளைத் தொடர்ந்து சோதித்து வந்தார். ரைட்டிங்டனுக்கு வந்து பயிற்சி பெறாத மருத்துவர்களுக்கு மூட்டை விற்கக் கூடாது என்று அதைச் செய்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தினார். இறந்த பிறகு மூட்டைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள நோயாளிகளிடம் முன்கூட்டியே ஒப்புதல் கேட்டார். அவர்களும் மனமுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த பகை கிருமி. தொடக்கத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு அறுவைப் புண்ணில் சீழ் பிடித்தது. அறையின் காற்றே காரணம் என்று ஐயுற்ற சார்ன்லி, அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போன்ற அறை அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து பாய்ச்சினார். மருத்துவர்களின் மூச்சுக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் உடைகளையும் வடிவமைத்தார். சீழ் பிடிப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று பெரிய மருத்துவமனைகளின் மூட்டு அறுவை அரங்குகளில் காணும் தூயகாற்று அமைப்பு அவர் வழிவந்ததே.

புகழும் மறைவும்

1974-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும், 1975-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பெருமையும், 1977-இல் சர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 1982 ஆகஸ்டு 5-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வடிவமைத்த மூட்டுகள் அவருக்குப் பின்னும் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2,000 சார்ன்லி மூட்டுகளை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 80 மூட்டுகள் மறு அறுவை இன்றி நிலைக்கும் எனக் கணக்கிட்டு 2002-இல் அறிவித்தது. இப்போது உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செயற்கை இடுப்பு மூட்டுப் பெறுகின்றனர். பொருள்கள் மாறியுள்ளன, பாலிஎத்திலீனே மேலும் வலுவாக்கப்பட்டுள்ளது. அடிப்படை அவருடையதே.

நண்பர்களே! செய்முறை வகுப்பில் விடை பிசகினால், புத்தகத்து மதிப்பைப் பார்த்து ஏட்டில் நிரப்பிவிடுவது மாணவர் சிலரின் வழக்கம். மதிப்பெண் கிடைக்கும், ஆனால் விடை ஏன் பிசகியது என்ற கேள்வி அங்கேயே புதைந்துவிடும். 300 பேருடைய இடுப்பில் தம் விடை பிசகியதைக் கண்ட சார்ன்லி, பிசகிய எண்ணை அப்படியே ஊரறிய எழுதி வைத்தார். அந்த எண்ணிலிருந்துதான் சரியான விடை பிறந்தது. அறிவியல் கற்கும் நாம் அவரிடமிருந்து பெறவேண்டிய பாடம் அதுவே என்பது என் தாழ்மையான கருத்து.