கண் போன பின்னும் கணக்கு போட்டவர்

இந்த இதழில் நான் எழுதுவது லியோனார்டு ஆய்லர் என்ற கணித மேதையைப் பற்றி.

இவர் 1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்து நாட்டில் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகணும்னு அவருக்கு ஆசை. ஆனா ஜோஹான் பெர்னௌலி என்ற கணித அறிஞர் பையனின் திறமையைப் பார்த்து அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். 20 வயதிலேயே ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வேலை கிடைத்தது.

அவருக்கு முன்னாடி பிரான்சில் ஃபெர்மா என்ற மேதை இருந்தார். அவர் 3, 5, 17, 257, 65,537 என்று ஒரு வரிசை சொன்னார். ஒரு எண்ணில் 1-ஐக் கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அடுத்த எண் வரும். இந்த ஐந்தும் பகா எண்கள். அதனால் அடுத்து வரும் 429,49,67,297-ம் பகா எண்தான்னு ஃபெர்மா நம்பினார். நிரூபிக்க முடியல.

1729-ல் கோல்ட்பாக் என்ற நண்பர் இதைப் பற்றி ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆய்லர் விட்டுவிடவில்லை. எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்தா ஆயுசே போயிடும். ஆனா இந்த எண்ணை வகுக்கும் பகா எண்ணை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரணும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கிச்சு! 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் அந்தப் பெரிய எண் வருகிறது. 1732-ல், 25 வயதில், ஃபெர்மா எண்ணியது தவறு என்று காட்டினார்.

நானும் ரஃப் நோட்டில் பெருக்கினேன். முதலில் விடை வரல. புத்தகத்தில்தான் தப்புன்னு நினைச்சேன். திரும்பப் பார்த்தா, மனசில் வச்ச 2-ஐக் கூட்ட மறந்திருக்கேன்!

1738-ல் ஆய்லருக்கு வலது கண் பார்வை போனது. 1766-ல் இடது கண்ணிலும் புரை. 1771-ல் ஆபரேஷன் செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அப்பவும் கணக்கை விடல. அவர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் எழுதினாங்க. 1772-ல், 65 வயதில், 214,74,83,647 பகா எண்தான் என்று நிறுவினார். 2-ஐ 31 தடவை போட்டுப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் எண் இது.

1783 செப்டம்பர் 18-ல் இறந்தார். அன்றைக்கும் பலூன் மேலே போவதைப் பற்றிக் கணக்கு போட்டிருக்கிறார். 800-க்கும் மேற்பட்ட அவருடைய படைப்புகளில் பாதிக்குப் பக்கம் பார்வை போன பிறகு வந்தவை.

எனக்கு ஒண்ணு புரிஞ்சது. யார் சொன்னாலும் சரிபார்க்கணும். தப்பு வந்தா முதலில் நம்ம நோட்டைப் பார்க்கணும். நான் எழுதியதையும் அப்படியே நம்பாதீங்க. 641-ஐ 67,00,417-ஆல் நீங்களும் பெருக்கிப் பாருங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி