எம். ஜி. இராமச்சந்திரனார்

எம். ஜி. ஆர். என்று தமிழ் மக்கள் அன்புடன் அழைத்த மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரனார், 1917-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் இலங்கையில் கண்டிக்கு அருகேயுள்ள நாவலப்பிட்டியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னையார் சத்தியபாமா மக்களுடன் கும்பகோணம் போந்து, வறுமையிடையே அவர்களை வளர்த்தார். வறுமையாற் பள்ளியை விடுத்து நாடகக் கம்பெனியிற் சேர்ந்த அச்சிறுவர், 1936-இல் திரையுலகிற் புகுந்தார், 1947-இல் கதாநாயகரானார், 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். பசியின் கொடுமையைத் தாம் அறிந்தவராதலின், 1982-இல் பள்ளிச் சிறுவர்க்குச் சத்துணவுத் திட்டத்தை ஏற்படுத்தினார்.

1984 அக்டோபரில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. சென்னை அப்பல்லோ மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றவரைச் சில நாட்களில் பக்கவாதமும் தாக்கிற்று. நவம்பரில் விமானத்தில் அமெரிக்காவின் புரூக்ளின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். தமையனாரின் புதல்வி தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார்; டிசம்பர் 19-ஆம் நாள் அது அவர்க்குப் பொருத்தப்பெற்றது. அம்மாதத் தேர்தலில், தாம் நேரில் வாராமலே ஆண்டிப்பட்டியில் வெற்றி பெற்றார். 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். ஆயினும் 1987 டிசம்பர் 24-ஆம் நாள் இராமாவரம் இல்லத்தில் அவர் இருதயம் ஓய்ந்தது.

சிறுநீரக நோயாளிகளிற் பலர் இருதய நோயாலேயே இறக்கின்றனர். நோயுற்ற சிறுநீரகம் நீரையும் உப்பையும் தேக்குகின்றது. இரத்த அழுத்தம் ஏற, இருதயச் சுவர் தடிக்கின்றது. மிகுந்த பாஸ்பேட்டால் குழாய்களிற் சுண்ணாம்பு படிகின்றது. இங்கிலாந்தின் ரிச்சர்டு பிரைட் என்னும் வைத்தியர் இத்தொடர்பினை 1836-இலேயே கண்டெழுதினார்.

பெருஞ் செல்வாக்குடையார்க்கு விமானமும் மாற்றுறுப்பும் கிட்டின. மயிலையிலும் அடையாற்றிலும் வாழும் எளிய நோயாளிக்கோ, வாரம் இருமுறையோ மும்முறையோ நான்கு மணிநேரம் இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிசிஸே துணை. அம்முறை சிறு நஞ்சுகளை எளிதில் நீக்கும்; பெருமூலக்கூறுகள் பெரும்பாலும் தங்கிவிடும். மிகுதியான நீரை வடிகட்டி, அதனுடன் பெரியனவற்றையும் இழுத்தகற்றித் தூய கரைசலை ஈடு செய்யும் முறை இப்போதுள்ளது. அதன் பெயர் ஹீமோடயாஃபில்ட்ரேஷன். ஐரோப்பாவில் 1,360 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் நூற்றுக்கு 21.9 பேரும், இம்முறையில் 17.3 பேருமே இறந்தனர்.

தியாகராய நகரில் அவர் நினைவில்லமும், கிண்டியில் அவர் பெயர் தாங்கிய மருத்துவப் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. அங்கே பயிலும் நம் மாணவர்கள், இச்சிகிச்சை வறியார்க்கும் எட்டும்படி உழைப்பார்களாயின், பசித்த சிறுவர்க்குச் சோறிட்டவர்க்கு அதுவே தக்க நன்றிக்கடனாகும்.