லண்டன் அறையில் காந்தி மூட்டிய அடுப்பு

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம், உடற்பயிற்சிக்கூடத்தில் பளு தூக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் பளுவைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒரு பன், ஒரு தே ஐஸ். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

உடம்பை ஏற்ற வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். கையில் காசு இல்லை என்பது இன்னொரு பக்கம். கல்விக் கடன் பணம் இன்னும் வந்து சேரவில்லை. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து அனுப்புகிற பணத்தில் புரதத் தூள் டப்பா ஒன்று வாங்கிவிட்டேன். மீதிப் பணத்தில் மாதத்தை ஓட்டினேன். தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். சோறு, மீன் குழம்பு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

அந்த வாரம்தான் ஒரு பாடத்தின் இடுபணிக்காக மகாத்மா காந்தியின் சுயசரிதையான சத்திய சோதனையைப் படிக்க நேர்ந்தது. உப்பு யாத்திரை, கதர், கைத்தடி என்று தேர்வுக்குப் படித்த காந்தியைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் நான் சந்தித்தது வேறொருவர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், கூச்சத்தால் வயிறு காய்ந்த 19 வயது மாணவர். அவருடைய கதையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். 13 வயதில் கஸ்தூர்பாவோடு திருமணம் நடந்தது. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போக முடிவானபோது அவர் ஒரு குழந்தைக்குத் தகப்பன். அம்மா புத்லிபாய்க்குப் பயம். அந்நிய நாட்டில் பிள்ளை கெட்டுவிடுவானோ என்று கலங்கினார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் மகன் உறுதிமொழி எடுத்த பிறகுதான் சம்மதம் கொடுத்தார்.

1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். கப்பலிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் மாமிசம் இல்லை என்று கேட்க ஆங்கிலமும் தைரியமும் போதவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தன் அறைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் ஒரு குடும்பத்தோடு தங்கினார். காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பியது. மதியமும் இரவும் ரொட்டி, ஜாம், உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கீரை. இரண்டு மூன்று ரொட்டித் துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். அந்த வீட்டின் இரண்டு பெண்பிள்ளைகள் இன்னும் ஒன்றிரண்டு துண்டு வைத்துக்கொள் என்று வற்புறுத்துவார்களாம். முழு ரொட்டியையே கொடுத்தாலும் தீர்த்துவிடும் பசி தனக்கு இருந்தது அவர்களுக்குத் தெரியாது என்று பிற்பாடு எழுதுகிறார். இதைப் படித்தபோது, சீனியர் அண்ணனிடம் நான் சொன்ன பொய் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு அவர் சைவ உணவகம் தேடிப் புறப்பட்டார். நாளொன்றுக்கு 10, 12 மைல் நடந்தார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. அங்கேயே ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முதலாக அன்றுதான் வயிறார உண்டார். அதுவரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சைவமாக இருந்தவர், அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு தானே யோசித்துச் சைவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால், உடனே அவர் எளிமைக்கு மாறிவிடவில்லை. சாப்பாட்டில் நாகரிகம் போதவில்லை என்று நண்பர்கள் நினைக்கிறார்களே, வேறு வகையில் ஈடுகட்டுவோம் என்று ஆங்கிலேய கனவான் வேடம் போடத் தொடங்கினார். 19 ஷில்லிங்கில் உயரத் தொப்பி. பாண்டு வீதியில் 10 பவுன் செலவில் மாலை உடை. நடன வகுப்புக்கு 3 பவுன். வயலின் வாங்க 3 பவுன். தினமும் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டவும் தலை வாரவும் பத்து நிமிடம். பணம் அனுப்பியது ஊரில் இருந்த அண்ணன். நான் வாங்கிய புரதத் தூள் டப்பாவுக்கும் அந்தத் தொப்பிக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று எனக்குப்பட்டது. இரண்டும் அடுத்தவர் பார்வைக்காக வாங்கியவை.

இந்த மோகம் சுமார் மூன்று மாதம் இருந்தது. அந்த நாள்களிலும் ஒரு நல்ல பழக்கம் அவரிடம் இருந்தது. கணக்கு எழுதுவது. பேருந்துக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை என்று எதையும் விடாமல் எழுதி, இரவு படுக்குமுன் கூட்டிப் பார்ப்பார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் செலவைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்தார். குடும்பத்தோடு தங்குவதை விட்டு, தனியாக இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். வேலைக்குப் போகும் இடங்களுக்கு நடந்தே போய்வரும் தூரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் வண்டிச் செலவும் மிச்சமானது. தினம் 8 முதல் 10 மைல் நடந்தார். நம் கணக்கில் 13 முதல் 16 கிலோமீட்டர். லண்டனில் இருந்த காலத்தில் பெரும்பாலும் நோயில்லாமல் இருந்ததற்கும் உடம்பு உரம் ஏறியதற்கும் இந்த நடைதான் காரணம் என்பது அவரே சொல்லும் கணக்கு.

அதன் பிறகு லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்தார். முதல் முறை லத்தீனில் தோல்வி. மறுபடி எழுதத் துணிந்தபோது, இன்னும் சிக்கனமாக வாழ முடியும் என்று தோன்றியது. வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் வாடகையில் சேரிப் பகுதியில் தங்கிப் படித்த ஏழை மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். இரண்டு அறையை விட்டு ஓர் அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கினார்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவார். கோக்கோவுக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார். எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்கு மேல் ஆகாது. மதியம் மட்டும் வெளியில் சாப்பாடு. இரவு அறையிலேயே ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். அந்தக் காலத்தில்தான் அவர் அதிகம் படித்தார். இரண்டாம் முறை லத்தீனில் தேறினார். வாழ்க்கை வறண்டுபோனது என்று நினைக்க வேண்டாம். தன் குடும்பத்தின் வசதிக்கு ஏற்றபடி வாழ்கிறோம் என்ற உண்மை மனத்துக்கு நிம்மதி தந்தது என்றுதான் அவர் சொல்கிறார்.

உணவில் பல சோதனைகளும் செய்தார். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். முன்பு வாயில் வைக்க முடியாத அதே வெறும் கீரை இப்போது ருசித்தது. ருசி நாக்கில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். சிலகாலம் மாவுப் பொருளை விட்டார். சிலகாலம் ரொட்டியும் பழமும் மட்டும். முட்டை மாமிசம் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டையும் சாப்பிட்டுப் பார்த்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார். அம்மாவின் அகராதியில் முட்டையும் மாமிசம்தான், வாக்குக் கொடுத்தது அம்மாவுக்கு என்பதே காரணம். புத்தகம் தந்த விளக்கத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

சட்ட மாணவர்களுக்கு இன்னர் டெம்பிளில் விருந்துகளில் கலந்துகொள்வது கட்டாயம். நான்கு பேர் கொண்ட மேசைக்கு இரண்டு புட்டி ஒயின். காந்தி குடிக்கமாட்டார் என்பதால் அவரைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்குள் போட்டி. அவருக்கு ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். கூச்ச சுபாவம் உள்ள அந்த மாணவர் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். 1891-இல் அச்சங்கத்தைச் சார்ந்த இதழில் இந்தியச் சைவ உணவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பத்திரிகையில் அவர் எழுதத் தொடங்கியதே சாப்பாட்டைப் பற்றித்தான்.

1891 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். 12-ஆம் தேதி ஊருக்குக் கப்பல் ஏறினார். மூன்று ஆண்டும் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல ஆசையோடு வந்தார். அம்மா இறந்துபோயிருந்தார். மகன் தூர தேசத்தில் தனியாகக் கலங்கக்கூடாது என்று குடும்பத்தார் செய்தியை மறைத்துவிட்டார்கள். கரை இறங்கிய பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள்.

சமையலை அவர் பிறகும் விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க்கில் 7 பவுன் கொடுத்துக் கையால் சுற்றும் மாவு எந்திரம் ஒன்று வாங்கினார். பிள்ளைகளும் நண்பர்களும் சேர்ந்து கோதுமை அரைத்து வீட்டிலேயே ரொட்டி சுட்டார்கள். அரைப்பதே பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. 1910-இல் ஜோகனஸ்பர்க்குக்கு 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, எல்லா மதத்தவருக்கும் ஒரே சமையலறை. வேர்க்கடலையை அரைத்து வெண்ணெய் போலச் செய்தார்கள். ஆரஞ்சுப் பழத்தில் மார்மலேட் கிண்டினார்கள். சொந்த வேலையாக நகரத்துக்குப் போக வேண்டுமா, நடந்துதான் போக வேண்டும். அங்கே நம் தமிழர்களும் இருந்தார்கள். சிறையிலும் கப்பலிலும் படித்த கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தி தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய சோதனைகள் எல்லாம் வெற்றி பெறவில்லை. 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத தானியத்தையும் பருப்பையும் உண்டு பார்த்தார். உடல் தளர்ந்து அதைக் கைவிட்டார். 1912-இல் பாலை விட்டார். 1918-இல் கேடா மாவட்டத்தில் ஓயாமல் அலைந்தபோது பெரும்பாலும் வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் உணவு. வயிறு கெட்டது. ஒரு பண்டிகை நாளில், இன்று சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கஸ்தூர்பா எண்ணெய் விட்டுக் கிண்டிய இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பாசிப்பயற்றையும் ஆசைக்கு மேல் சாப்பிட்டுவிட்டார். கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு சாவின் வாசல் வரை போனார். கடைசியில் ஆட்டுப்பால் குடித்துத்தான் உடம்பு தேறியது. இதை எதையும் அவர் மூடி மறைக்கவில்லை. தவற்றையும் கணக்கில் எழுதிவைத்தார்.

1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோதும், 73-ஆம் வயதில், உடல்நலத்தைப் பற்றிய ஒரு நூலை எழுதினார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் சுட்டுக் கொல்லப்படும்வரை நடையையும் அளவான உணவையும் விடவில்லை.

நண்பர்களே, ரொட்டியும் கோக்கோவும் உண்டு உடம்பை ஏற்றுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பளு தூக்குகிறவனுக்கு அது போதாது. நான் சைவனும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று. கணக்கு எழுதுவது, 20 நிமிட அடுப்பு, நடை.

முதலில் நோட்டுப் புத்தகம் வாங்கி ஒரு வாரச் செலவை எழுதினேன். மமாக் கடையிலும் வளாக உணவகத்திலும் 92 வெள்ளி போயிருந்தது. அதில் பானத்துக்கு மட்டும் 24 வெள்ளி. பிறகு வீட்டு நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு சோற்றுப் பானை வாங்கினேன். காலையில் ஓட்ஸ், வாழைப்பழம், இரண்டு அவித்த முட்டை. இரவில் சோறு, பருப்பு, கீரை, தெம்பே அல்லது கெம்போங் மீன். மதியம் மட்டும் வெளியில். நான்காவது வாரக் கணக்கில் 51 வெள்ளி. வகுப்புக்குப் பேருந்தில் போகாமல் நடக்கிறேன். உடற்பயிற்சிக்கூடத்தில் அதன்பிறகு கண் இருட்டவில்லை.

ஆனால், முதல் நாள் பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது மணி எட்டு. அம்மாவின் அழைப்பு. என்ன சாப்பிட்டாய் என்று வழக்கம்போலக் கேட்டார். காந்தி தன் அம்மாவிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் போன அந்தப் பக்கம் என் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் சொன்னது பொய் என்பதையும், சாப்பிடாமல் மயங்கப் பார்த்ததையும், பருப்பு கருகியதையும் எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பருப்பை எவ்வளவு நேரம் ஊறவைத்தாய் என்று கேட்டார். ஊறவைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது என்றேன். அன்றிலிருந்து எட்டு மணி அழைப்பில் அம்மா எனக்குச் சமையல் சொல்லித் தருகிறார்.