லேயர்டும் முத்துவும்

கொல்லிமலையில் ஒருநாட் காலை யாம் சிறு குருவியொன்றைக் கண்டு, பழுப்பு ஈப்பிடிப்பானோ, பழுப்புமார்பு ஈப்பிடிப்பானோ எனத் தெளியாது மயங்கினோம். முன்னதன் கால் கருமை. பின்னதன் காலும் கீழலகும் வெளிர்மஞ்சள். காலை இலை மறைத்தது. ஐயம் நீங்குமுன் பறவையும் பறந்தது.

இவ்விரண்டனுட் பின்னதை நூலுலகிற்கு அறிவித்தவர் எட்கர் லியோபோல்டு லேயர்டு. நினிவே நகரை அகழ்ந்து கண்ட ஆஸ்டன் ஹென்றி லேயர்டின் இளவலாகிய இவர், 1824 இல் பிளாரன்சு நகரிற் பிறந்தனர். 1846 இல் இலங்கை போந்து, அரசாங்க ஊழியத்தினிடையே பறவைகளைத் தொகுத்தனர். பருத்தித்துறையிற் கிடைத்த இப்புள்ளுக்கு 1854 இல் பெயரிடுங்கால், ஆளுநர் பெயரையோ பிரபுக்கள் பெயரையோ அவர் நாடினாரல்லர். பொறுமையுடன் தேடித் தமக்குப் பறவைகள் கொணர்ந்த பணியாளர் முத்துவின் பெயரையே சூட்டினர்; அப்புள் இன்று மஸ்கிகாபா முத்துவி என வழங்கப்பெறுகின்றது. பின்னர்க் கேப்டவுன் அருங்காட்சியகத்தைப் பேணி, 1867 இல் தென்னாப்பிரிக்கப் பறவைகளைப்பற்றி நூலியற்றி, 1900 இல் இங்கிலாந்திற் காலமாயினர்.

ஆண்டுதோறும் பனிக்காலத்தே வடகிழக்கினின்று தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வரும் அப்பறவை, ஓர் ஏவலாளரின் பெயரை இன்றும் சுமந்து வருகின்றது. பிறர் உழைப்பால் தாம் பெற்றதை மறையாது உரைத்தலே கற்றோர்க்கு அழகு. காலின் நிறத்தாற் பறவையை அறிவோம். நன்றியறிதலாற் சான்றோரை அறிவோம்.