அன்னை சீகோல்

கிரைமியப் போர் என்றதும் கைவிளக்கேந்திய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவுக்கு வருவார். அதே போர்க்களத்தில் படைவீரர்கள் வாயார அன்னை என்று அழைத்த மற்றொரு பெண்மணியும் இருந்தார். அவர் மேரி சீகோல்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரில் 1805ஆம் ஆண்டு மேரி பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்து நாட்டுப் படைவீரர். தாய் ஜமைக்காப் பெண். தங்கும் விடுதி ஒன்றை நடத்தியவர். மூலிகை மருத்துவத்தில் கைதேர்ந்தவர். நோயுற்ற படை அலுவலர்கள் அவ்விடுதியில் தங்கி உடல் தேறிச் செல்வர். தாயின் கைப்பக்குவத்தைக் கண்டு வளர்ந்த சிறுமி மேரி முதலில் தம் பொம்மைக்கு மருத்துவம் பார்த்தார்; பிறகு வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பார்த்தார். விளையாட்டாகத் தொடங்கியது வாழ்நாள் தொண்டாயிற்று.

1836இல் திருமணம் நடந்தது. எட்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். 1850இல் ஜமைக்காவிலும், அடுத்த ஆண்டு பனாமாவிலும் வாந்திபேதி பரவியது. அந்நாளில் அந்நோய்க்கு உறுதியான மருந்து எதுவும் இல்லை. கடுகுப்பற்று, வெந்நீர் ஒத்தடம், இலவங்கப்பட்டை இட்டுக் கொதிக்கவைத்த நீர் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டும் மேரி நோயாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பொருள் உள்ளவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார், இல்லாதவரிடம் கேட்கவில்லை. அந்நோய் அவரையும் பற்றியது, அதிலிருந்தும் மீண்டார்.

1854இல் கிரைமியாவில் போர் மூண்டது. ஜமைக்காவில் தாம் அறிந்திருந்த படைப்பிரிவினர் அங்கே காயத்தாலும் நோயாலும் வாடுவதைக் கேள்வியுற்ற மேரி, லண்டன் சென்று செவிலியராகப் பணிபுரிய இசைவு வேண்டினார். கதவு கதவாகத் தட்டியும் பயனில்லை. தம் கறுத்த மேனிதான் தடையோ என்ற ஐயம் எழ, லண்டன் தெருவிலேயே நின்று கண்ணீர் வடித்தார். ஆனால் ஊர் திரும்பவில்லை. கணவரின் உறவினர் ஒருவரைக் கூட்டாளியாகக் கொண்டு, தம் சொந்தப் பணத்தில் போர்முனைக்குக் கப்பலேறினார்.

பாலக்லாவா துறைமுகத்திற்கும் போர்முனைக்கும் இடையே 1855இல் அவர் ஒரு விடுதி எழுப்பினார். கடலில் மிதந்து வந்த மரமும் பெட்டிப் பலகைகளும் இரும்புத் தகடுகளுமே அதன் கட்டுமானப் பொருள்கள். அங்கே உணவும் மதுவும் பிற பண்டங்களும் விற்றார். விலை கொடுத்து உண்ண வந்த அலுவலரும் உண்டு. மருந்துக்காக வாசலில் காத்து நின்ற எளிய வீரரும் உண்டு. வணிகம் செய்தவரைச் செவிலியர் எனலாமோ என்று வினவுவோர் இன்றும் உள்ளனர். அவ்வீரர்களுக்கு அப்படியோர் ஐயம் எழவில்லை.

பீரங்கி முழங்கும் நாள்களில் கட்டுத்துணி, ஊசி, நூல், உணவு ஆகியவற்றைக் கோவேறு கழுதைகள்மீது ஏற்றிக்கொண்டு அவரே களத்திற்குச் செல்வார். செர்னயா ஆற்றங்கரையில் நடந்த போரில், பகைநாட்டவரான ரஷ்யர்களுக்கும் பணிவிடை செய்தார். தாடையில் குண்டு பாய்ந்த ஒருவனின் வாய்க்குள் விரலை விட்டுக் குண்டைத் தேடியபோது, மரண வேதனையில் அவன் பற்கள் அவ்விரலை இறுகக் கவ்விக்கொண்டன. அருகிலிருந்தோர் வந்தே விடுவிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தழும்பைச் சுமந்த மேரி, அவன்மீது சிறிதும் சினம் கொள்ளவில்லை. விலாவில் குண்டு பட்ட மற்றொரு ரஷ்ய அலுவலரோ, தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவருக்கு அளித்து, கையில் முத்தமிட்டு விடைபெற்றார்.

1856இல் போர் ஓய்ந்தது. வாங்கிக் குவித்த பண்டங்கள் விலைபோகாமல் தேங்க, கடனாளியாக லண்டன் திரும்பிய மேரி நொடித்துப்போனார். இச்செய்தி வெளியானதும் பழைய வீரர்கள் சும்மா இருக்கவில்லை; நாளேடுகளுக்கு எழுதினர், நிதி திரட்டினர். 1857 ஜூலையில் தேம்ஸ் ஆற்றங்கரை நகரில் அவருக்காக நான்கு நாள் இசைவிழா நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் கலைஞர்கள் பங்கேற்க, மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். விழா நடத்திய நிறுவனமே நொடித்துப்போனதால் அவர் கைக்கு வந்தது சிறு தொகைதான். ஆயினும் 1867இல் மீண்டும் ஒரு நிதி திரட்டப்பட்டது. பத்தாண்டு கடந்தும் அவர்கள் மறக்கவில்லை! அதன் பயனாக மேரியின் முதுமை வறுமையின்றிக் கழிந்தது.

1881 மே 14 அன்று லண்டனில் மேரி மறைந்தார். அவரைக் கண்டறிந்த தலைமுறையும் மறைய, கல்லறை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1973இல் செவிலியர் அமைப்பினரும் ஜமைக்காப் பெண்களும் அதைத் தேடிப் புதுப்பித்தனர். 2016இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனை வளாகத்தில், பொதுமக்கள் அளித்த நன்கொடையால் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. பையைத் தோளில் மாட்டி, எதிர்க்காற்றில் விரைந்து நடப்பவராக அவர் அங்கே காட்சியளிக்கிறார். பின்னால் நிற்கும் பெரிய வட்டத் தகடு, கிரைமியப் போர்க்கள மண்ணின் மேற்பரப்பை அச்செடுத்து வார்த்தது.