ஹோப் காலேஜ் நிறுத்தம்: ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறு

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் காலனிக் குடும்பங்களுள் கோவைப் பக்கத்தாரும் சிலர் உண்டு. அவிநாசி சாலையில் பஸ் ஏறியவர்கள், பீளமேட்டைக் கடந்ததும் ஹோப் காலேஜ் என்று நடத்துநர் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பர். இறங்கிப் பார்த்தால் அப்பெயருடைய கல்லூரி எதுவும் அங்கே இராது. கல்லூரி வேறிடம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மட்டும் நிறுத்தத்தோடு நின்றுவிட்டது. அக்கல்லூரிக்குப் பொருள் ஈந்தவரும், அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும், பின்னர் அதனின்று மனம் வேறுபட்டு விலகியவரும் ஒருவரே. அவர்தாம் ஜி. டி. நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு அவர்கள்.

கோவை மாவட்டத்துச் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். வேளாண் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. இதைச் சொல்லும்போதே நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் முகம் மலர்வதை நான் அறிவேன். அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். அவர் பள்ளியைத்தான் விட்டாரேயன்றிக் கற்பதை விட்டவரல்லர்.

இளமையில் ஒரு நாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தை முழுதும் பற்றிக்கொண்டது. அதனை வாங்கப் பணம் வேண்டும். வீட்டில் கேட்டுப் பெறும் காரியமன்று. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். இலை போட்டும் நீர் வைத்தும் பெற்ற கூலியைக் காசு காசாகச் சேர்த்து, கடைசியில் அந்த ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊர்வலம் வந்தவரல்லர். பகுதி பகுதியாகக் கழற்றிப் பரப்பினார், பின் ஒவ்வொன்றாகப் பூட்டினார். அவர் கற்ற முதற் பொறியியல் பாடம் இதுதான். ஆசிரியரும் இல்லை, பாட நூலும் இல்லை.

பின்னர்த் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதோடு அமையாமல் பம்பாய்ப் பஞ்சுச் சந்தைக்கு வந்தார். நம் பம்பாய் அவரையும் விட்டுவைக்கவில்லை. சேர்த்ததை இழந்து ஊர் திரும்பினார். இங்கு வந்து கைப்பொருள் தொலைத்த தமிழர் வரிசையில் இத்தகைய பெரியாரும் ஒருவர் என்பது நம்முள் பலருக்கு ஓர் ஆறுதலாக இருக்கக்கூடும்.

இழப்புக்குப்பின் கோவையில் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் ஆதரவு கிட்டியது. அவர் உதவியால் 1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். தாமே ஓட்டுநர், தாமே பழுது பார்ப்பவர். அந்த ஒற்றை வண்டியே வளர்ந்து யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனம் ஆயிற்று. 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து இந்திய நாட்டிலேயே உருவாக்கிய மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கோவை மாவட்டத்துக் கிணறுகளில் நீர் இறைக்கும் மோட்டார்த் தொழில் பெருகியதற்கு அது ஒரு தொடக்கம். முகம் மழிக்கும் மின் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழம் பிழியும் பொறி என அவர் செய்தவை பல. பப்பாளியிலும் பருத்தியிலும் அவர் செய்த ஆய்வுகள் தனியே எழுதத் தக்கவை, இங்கு இடமில்லை.

நாம் நின்று காண வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 1944-இல் அவர் தம் மோட்டார்த் தொழிலின் நேர் பொறுப்பினின்று விலகிப் பொதுப்பணிக்குப் பொருளை ஒதுக்கினார். அக்கொடையில் பெரும் பங்கு இளைஞரின் தொழிற்கல்விக்குச் சென்றது. அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் கோவையில் பாலிடெக்னிக்கும், 1945-இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடு அவர்களே கல்லூரியின் தலைவராக அமர்ந்தார்.

அமர்ந்தவர் முதலில் எண்ணிப் பார்த்தது ஆண்டுக் கணக்கை. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது விதி. இது வீண் காலப்போக்கு; இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் துணிபு. தம் கருத்தை அரசுக்கு எடுத்துரைத்தார். அரசு ஏற்கவில்லை. தாம் பொருள் கொடுத்து எழுப்பிய கல்லூரி என்பதற்காக அவர் அதைப் பற்றிக்கொண்டிருக்கவும் இல்லை. பதவியைத் துறந்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? எனக்குத் தோன்றுவதை ஒளியாமல் சொல்லிவிடுகிறேன். அணை கட்டுவோனுக்கும் பாலம் கட்டுவோனுக்கும் கணிதம் வேண்டும். அது இரண்டு ஆண்டில் வயப்படுவதன்று. ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றியே பொறியியல் கற்ற பேரறிவாளர் தம்மை அளவுகோலாகக் கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் அளந்தார் என்ற குறை அவர்பால் உண்டு. ஆயினும் அவர் எழுப்பிய வினா பொய்யன்று. ஏழை வீட்டில் ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகள் படிக்கிறான் என்றால் நான்கு ஆண்டுகள் ஒரு கூலி குறைகிறது. தாயின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கிறது. தங்கையின் படிப்பு தள்ளிப்போகிறது. இரண்டு ஆண்டில் கற்பிக்கக் கூடியதை நான்காக நீட்டினால் அந்த இரண்டு ஆண்டுகளைக் கொடுப்பவர் அரசு அன்று, அந்தத் தாய்தான். விடுதியில் இலை போட்டுக் காசு சேர்த்தவருக்கு இக்கணக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

பின்னர் நாடு சென்ற வழியையும் பார்ப்போம். 1950-இல் மத்திய அரசு கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது, நாம் ஐ. டி. ஐ. என்று சொல்லும் பயிற்சி நிலையங்கள் அதன் வழி வந்தவையே. அங்கே பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இரண்டு ஆண்டுகள், வெல்டருக்கு ஓராண்டு. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்து, ஆலையில் வேலை கற்கும்போதே உதவித்தொகை பெற வழி செய்தது. பட்டப் படிப்பு நான்காண்டாகவே நிற்கிறது. நாயுடு அவர்களின் வாதம் கல்லூரியில் தோற்றுப் பட்டறையில் பாதி வென்றது எனலாம்.

உல்லாஸ்நகரில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. இவ்வூர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இராணுவ முகாம். நாட்டுப் பிரிவினைக்குப்பின் சிந்திலிருந்து வெறுங்கையோடு வந்தோர் தங்கிய இடம். 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அந்நாளைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அவர்கள் என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியார். வந்த சிந்தி மக்கள் எதைப் பார்த்தாலும் அதைப்போல் ஒன்று செய்து விற்கக் கற்றனர். நம் தெருக்களை அடுத்த ஜீன்ஸ் பட்டறைகளிலும் மரச்சாமான் கடைகளிலும் நம் பையன்கள் வேலை பழகுகிறார்கள். கை தேர்ந்துவிடுகிறது, ஆனால் சான்றிதழ் இல்லை. பட்டறை மூடினால் அடுத்த வாசலில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றொரு பக்கம், கடன் வாங்கிப் பட்டம் பெற்ற பிள்ளை இயந்திரத்தின் மூடியைத் திறக்கத் தெரியாமல் நிற்பதையும் கண்டிருக்கிறேன். கழற்றிப் பூட்டவும் தெரிந்து, கையில் சான்றும் உள்ள பிள்ளைகளை இனி நம் காலனியில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எட்டாவதோ பத்தாவதோ முடித்த பிள்ளையை நேரே பட்டறைக்கு அனுப்புமுன், பெற்றோர் ஒருமுறை ஐ. டி. ஐ. வாசலில் விசாரித்துப் பார்க்கலாம்.

நாயுடு அவர்கள் 1974 சனவரி 4-ஆம் நாள் மறைந்தார்கள். கல்லூரி, ஹோப் துரையின் பெயரை நீக்கி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகித் தடாகம் சாலையில் நடைபெறுகிறது. அவர் திரட்டிய பொறிகளும் செய்த கருவிகளும் அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் உள்ளன. அருகே பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் 2015-இல் திறக்கப்பட்டது. வரும் கோடையில் கோவை செல்வோர் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஹோப் காலேஜ் நிறுத்தம் வரை போக வேண்டியதில்லை. நகரிலிருந்து வரும்போது அதற்கு வெகு முன்பே இறங்கிவிடலாம்.