தகடு போர்த்திய கார்கள்: சார்லஸ் சாம்சன்

ஷீட் மெட்டல் வகுப்பில் தகட்டை வெட்டுகிறோம், மடிக்கிறோம், மார்க் வாங்குகிறோம். அதே தகடு ஒரு மனுஷனுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் நடுவில் நின்றால்? ஆட்டோமொபைல் மாணவனான என்னை அப்படி யோசிக்க வைத்தவர் சார்லஸ் சாம்சன்.

1883-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்த இவர் கடற்படை அதிகாரி, விமானியும் கூட. 1912 மே மாதம், ஓடிக்கொண்டிருந்த ஹைபர்னியா கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானத்தைக் கிளப்பி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் நமக்கு வேண்டியது அவருடைய கார் கதைதான்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. சாம்சன் தன் விமானப் படையோடு பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்துக்கு வந்தார். கையில் விமானங்கள் கொஞ்சம்தான். வேவு பார்க்கவும், கீழே இறங்கிவிட்ட விமானிகளை மீட்கவும் சாதாரண கார்களில் இயந்திரத் துப்பாக்கியை மாட்டி அனுப்பினார். திறந்த காரில் போகிறவனுக்கு என்ன பாதுகாப்பு? மனுஷன் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தில் சொல்லி, கார்களுக்கு 6 மில்லிமீட்டர் பாய்லர் தகடு அடிக்க வைத்தார்.

இங்கேதான் நமக்குப் பாடம். பாய்லர் தகடு நீராவி அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, கடினப்படுத்தியது அல்ல. கிட்டத்திலிருந்து சுட்டால் குண்டு துளைத்துவிடும். மேலே மூடியும் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து சுட்டால் தப்ப வழியில்லை. எடையையும் பாருங்கள். 6 மி.மீ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ. நாலு சதுர மீட்டர் போர்த்தினால், ஆள் ஏறும் முன்பே 188 கிலோ!

இந்த அனுபவங்களையெல்லாம் வைத்து கடற்படைத் தலைமையகம் ரோல்ஸ்-ராய்ஸ் சேஸிஸில் புதிய கவச காரை உருவாக்கியது. கடினப்படுத்திய தகடு, சுழலும் மேற்கூண்டு, பலப்படுத்திய ஸ்பிரிங், பின்னால் இரட்டைச் சக்கரம். மொத்தம் நான்கு டன்னுக்கு மேல். 1914 டிசம்பரில் அது வந்து சேர்ந்தபோது பிரான்சில் இரு தரப்பும் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. சேற்றில் சக்கரம் என்ன செய்யும்? ஆனால் எகிப்து, அரேபியப் பாலைவனங்களின் கெட்டித் தரையில், பாதையே இல்லாத இடத்தில், அதே கார்கள் பிய்த்துக்கொண்டு ஓடின. சேற்றுக்கு விடை தேடியவர்கள் சக்கரத்தை விட்டுவிட்டு சங்கிலிப் பட்டைக்குப் போனார்கள். 1916 செப்டம்பரில் டாங்கி களம் இறங்கியது.

சாம்சன் 1915-ல் கலிப்போலிப் போர்முனைக்குப் போனார். 1927-ல் கெய்ரோவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குச் சென்ற விமானக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1931-ல், 47 வயதிலேயே காலமானார்.

நண்பர்களே, ஜீப்புக்கு அடியில் கல் தட்டாமல் தகடு அடிக்கக் கேட்டு நாளை உங்களிடமும் ஒருவர் வருவார். வெல்டிங் ராடைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து பாதுகாப்பு? எந்த இடத்துக்கு? கூடுகிற எடையை ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்குமா? பதில் தெரியாமல் அடிக்கிற தகடு வெறும் சுமைதான்.